ஊமைக்குளத்தைக் கடந்த சவ ஊர்வலம்

எங்கள் குளக்கரையில் நிற்கும் நெபோமுக் புனிதர் சிலையின் தலையைச் சுற்றி முன்பு ஐந்து இரும்பு நட்சத்திரங்கள் இருந்தன. இரண்டு துருப்பிடித்து விழுந்துவிட்டன. மீதி மூன்றின் மேலும் ஆணையிட்டுச் சொல்கிறேன்: இனி வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. கூட்டவில்லை, குறைக்கவில்லை. எழுபத்தெட்டு வயதில் பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஊமைக்குளம் சின்னக் குளம், ஆனால் ஆழம். பெரிய குளங்களில் கோடை முழுதும் மேய்ந்த இளம் கெண்டைகளை அக்டோபரில் வலைபோட்டு எடுத்து, குளிர்காலம் கழிக்க இதில் விடுவோம். முப்பதாயிரம் மீன். மேலே பனிக்கட்டி மூடிக்கொள்ளும். அடியில் தண்ணீர் நாலு டிகிரியில் நிற்கும். நாலு டிகிரியில் கெண்டை தின்பதில்லை, திரிவதில்லை. சேற்றை ஒட்டி, அடுக்கிவைத்த செங்கல் மாதிரி ஒன்றோடொன்று சாய்ந்து கிடக்கும். இதயம் நிமிஷத்துக்கு நாலைந்து தடவை துடித்தால் அதிகம். கோடையில் சேர்த்த கொழுப்பை, சிறைக்கைதி கடைசி ரொட்டியைக் கடிப்பது போல, துணுக்குத் துணுக்காகச் செலவழித்து ஏப்ரல் வரை வந்து சேரும்.

அந்தத் தூக்கத்தைக் கலைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று சத்தம். பனிக்கட்டியின் மேல் ஒருவன் எம்பிக் குதித்தால் போதும், முப்பதாயிரமும் எழுந்து நீந்த ஆரம்பிக்கும். இன்னொன்று சூடு. அடித்தண்ணீர் எட்டு ஒன்பது டிகிரி ஆகிவிட்டால் மீன் தானாகவே விழித்துக்கொண்டு தீனி தேடி அலையும். குளிர்காலக் குளத்தில் தீனி ஏது? எப்படி விழித்தாலும் முடிவு ஒன்றுதான்: நீந்த நீந்த உடம்பு தன்னையே தின்னும். சூடு ஏறினால் மதகைத் திறந்து காட்டோடையின் குளிர்ந்த நீரை உள்ளே விடவேண்டும், கொஞ்சம் வேகவைத்த கோதுமையும் போடவேண்டும். எங்கள் குளத்தில் அப்படி ஆனதே இல்லை என்பதால் அந்தப் பேச்சை இங்கேயே விட்டுவிடுவோம்.

நாற்பது குளிர்காலம் ஊமைக்குளத்துக்குக் காவலராக இருந்தவர் செலெஸ்தின். நவம்பர் பிறந்ததும் பூட்ஸைக் கழற்றிவிட்டு மூன்று ஜோடி கம்பளிக் காலுறை போட்டுக்கொள்வார். மார்ச் வரைக்கும் அவர் காலடிச் சத்தத்தை யாரும் கேட்டதில்லை. தும்மல் வந்தால் சைக்கிளில் ஏறி அடுத்த ஊருக்குப் போய்த் தும்மிவிட்டு வருவார். அவர் வளர்த்த சேவல் விடியற்காலையில் வாயைத் திறந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, மூடிக்கொள்ளும். அவர் மனைவிக்கு ஜனவரியில் பிரசவ வலி கண்டபோது வண்டியில் ஏற்றி மூன்று ஊர் தள்ளிக் கொண்டுபோனார். மகன் ஒத்மர் அங்கே பிறந்து, அழவேண்டியதை அங்கேயே அழுது முடித்துவிட்டுத்தான் வீடு வந்தான்.

எழுபத்து நாலாம் வருடம் இலையுதிர் காலத்தில் செலெஸ்தினுக்குப் பக்கவாதம் வந்தது. காவல் வேலை ஒத்மருக்கு வந்தது. அவனுக்கு அப்போது முப்பது வயது. மனைவி லுத்மிலாவுக்கு ஏப்ரலில் பிரசவம் என்று சொல்லியிருந்தார்கள். குளக்கரை மேல் இருக்கும் காவல் வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடும் போகும். பட்டணத்திலிருந்து வந்த மீன்பண்ணை இயக்குநர் சாவியைக் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்.

"தோழர் ஒத்மர், பத்துல ஒண்ணு செத்தா இயற்கை. மூணுல ஒண்ணு செத்தா நீ மூட்டையக் கட்டு."

"புரியுதுங்க," என்றான் ஒத்மர். லுத்மிலா தொட்டிலுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். பச்சை வர்ணம்.

என் வேலை வெப்பமானி. தினமும் காலையில் அதைக் கயிற்றில் கட்டிக் குளத்தின் அடிவரை இறக்கி, இழுத்து, படித்து, காவல் வீட்டுக் கதவுப் பலகையில் சாக்கட்டியால் எழுதவேண்டும். செலெஸ்தின் காலத்தில் பதினொரு குளிர்காலம் எழுதினேன். நாலு. நாலு. நாலு. ஒத்மரின் முதல் குளிர்காலத்திலும் நவம்பரிலிருந்து மார்ச் வரை பலகையில் நாலுதான். அவன் காலையில் அந்த நாலைப் பார்த்துவிட்டுத்தான் காபியில் வாய் வைப்பான். அது போக, ஊர் பேண்டு செட்டில் பெரிய மேளம் அடிப்பவனும் நான்தான். இது பின்னால் வரும்.

பிப்ரவரி முதல் வாரத்தில் செலெஸ்தின் போய்ச் சேர்ந்தார். கடைசி மூச்சைக்கூடத் தலையணைக்குள் விட்டார் என்று லுத்மிலா சொன்னாள். அவருடைய புகையிலை டப்பாவில் மடித்த காகிதம் ஒன்று கிடைத்தது. பேண்டு மாஸ்டர் கிலியான்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தான். அவன் தொழிலால் கசாப்புக்காரன்; அதனால் ஊரில் எல்லா முக்கியக் காகிதங்களையும் அவனே படிப்பான், யாரும் குறுக்கே பேசமாட்டார்கள்.

'நாற்பது குளிர்காலம் காலுறையோடு நடந்தேன். கல்லறைக்காவது சத்தத்தோடு போகிறேன். ஊமைக்குளத்தின் மேலே, நட்ட நடுவே, முழு பேண்டோடு. செலெஸ்தின்.'

"அப்பாவுக்கு மூள கலங்கிப்போச்சு," என்றான் ஒத்மர்.

"கலங்கல. பழி வாங்குறாரு," என்றான் கிலியான். "நாப்பது வருஷமா அந்த மீனுங்க அவர நிம்மதியாத் தும்ம விட்டுச்சா?"

"முப்பதாயிரம் மீனு கிலியாண்ணே. அதுங்க எந்திரிச்சா நாங்க தெருவுல. இவ வயித்தத் தள்ளிக்கிட்டு எங்க போவா?"

"செத்தவரு கேட்டதச் செய்யலேன்னா அவரு போமாட்டாரு தம்பி. ஒங்க சமையக்கட்டுலயே வந்து உக்காந்துக்குவாரு."

"உக்காந்தா உக்காரட்டும்," என்றாள் லுத்மிலா. "சத்தமில்லாமதான இருப்பாரு. பழகிப்போச்சு."

ஒத்மர் குளக்கரைப் பாதையில் கொண்டுபோவதென்று முடிவு செய்தான். அன்று தொடங்கியது பனிப்பொழிவு. ஒன்பது நாள். கரைப் பாதையில் பனி புனிதரின் தோள்வரை ஏறியது. பனியைத் தள்ள வந்த டிராக்டர் எங்கே போனது என்று ஏப்ரலில்தான் தெரிந்தது. செலெஸ்தின் விறகுக் கொட்டகையில் பலகைமேல் படுத்திருந்தார், கல்லாக உறைந்து. லுத்மிலா விறகெடுக்கப் போகும்போதெல்லாம் "மன்னிச்சுக்குங்க மாமா" என்று சொல்லிவிட்டு அவர் காலடியிலிருந்து ஒரு கட்டையை உருவிக்கொண்டு வருவாள். பத்தாம் நாள் விறகு தீர்ந்துவிட்டது. கல்லறைக்கு வேறு வழியே இல்லை, குளத்தின் மேலேதான்.

"சரி," என்றான் ஒத்மர். "ஆனா பேண்டு கெடையாது. எல்லாரும் காலுறையோட. இருமுறவங்க வீட்லயே இருந்துக்கணும்."

அன்று பகல் பதினொரு மணிக்கு நாற்பது பேர் காலுறையோடு பனிக்கட்டியில் இறங்கினோம். சவப்பெட்டியைச் சறுக்குவண்டியில் வைத்து, அடியில் வாத்துக் கொழுப்பு பூசியிருந்தோம். பாதிரியார் ஜெபத்தை உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னார். கிலியான் பிடிவாதமாக பேண்டு செட்டையும் கூட்டிவந்தான். வாசிக்க இல்லை, மரியாதைக்கு. ஊதுகுழல்களின் வாயில் தலையணைகளைத் திணித்திருந்தோம். என் மேளத்தை லுத்மிலாவின் வாத்திறகு மெத்தையில் சுற்றி முதுகில் கட்டியிருந்தேன். குளத்தின் நடுவில் காற்று பனியைப் பெருக்கித் தள்ளியிருந்தது. கண்ணாடி மாதிரி கட்டி. கீழே முப்பதாயிரம் மீனும் படுத்திருப்பது தெரிந்தது. ஒத்மர் விரலை உதட்டில் வைத்துக்கொண்டு பின்னோக்கி நடந்தபடியே எங்களைக் கூட்டிப்போனான்.

மெத்தையின் முடிச்சு அவிழ்ந்தது. மேளம் சரிந்தது. கீழே விழாமல் இருக்கக் கையை வீசினேன். கையில் கோல் இருந்தது.

தும்.

ஒரே ஒரு அடி. அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். அந்தக் குளிர்காலத்தில் அதைத் தவிர நான் வேறு எந்தத் தவறும் செய்யவில்லை.

முதலில் ஒரு கெண்டை எழுந்தது. அதன் முதுகில் நாரை கொத்திய சிவப்புத் தழும்பு இருந்தது. அது மேலே வந்து பனிக்கட்டிக்கு அடியில் நின்று, ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது. பிறகு பக்கத்தில் இருந்தது எழுந்தது. பிறகு குளத்தின் அடித்தரையே எழுந்தது. எங்கள் காலுக்குக் கீழே கறுப்பாக, ஆறு ஆறாக வரிசை கட்டி, சவப்பெட்டியின் கீழே வந்து நின்றன. நாங்கள் ஒரு அடி நகர்ந்தோம், அவையும் நகர்ந்தன. நாங்கள் நின்றோம், நின்றன. இழவு வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள்கூட அவ்வளவு ஒழுங்காக நடந்து நான் பார்த்ததில்லை.

"முழிச்சிருச்சுங்கடா," என்றான் கிலியான். "இனிமே என்ன ரகசியம்? தலகாணியப் புடுங்குங்க!"

ஏழு பாட்டு வாசித்தோம். நான் மேளத்தை அடித்த அடியில் நெபோமுக் புனிதரின் முதல் நட்சத்திரம் விழுந்தது அப்போதுதான். ஒத்மர் மட்டும் மண்டியிட்டுப் பனிக்கட்டியில் உள்ளங்கையை விரித்து வைத்திருந்தான்.

"படுங்கடா... படுத்துக்குங்க கண்ணுங்களா... ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல."

கல்லறைக் கரைவரை மீன்கள் எங்களோடு வந்தன. அங்கே நாங்கள் மேலேறினோம். எங்கள் ஊரில் மீன்காரனின் குழியில் மண்ணுக்குப் பதிலாகக் கெண்டைச் செதில்தான் தூவுவோம், தூவினோம். பிறகு இழவுச் சாப்பாட்டுக்குக் கோஸ் சூப் இருந்தது, ரம் ஊற்றிய டீ இருந்தது. மீன்களும் திரும்பிப் போயின. அவற்றுக்கு அங்கே ஒன்றும் இல்லை.

அதற்கப்புறம் அவை நிற்கவில்லை. குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தன. பனிக்கட்டியில் காதை வைத்தால் தூரத்தில் மாவரைக்கும் ஆலை ஓடுவது போல ஒரு சத்தம். ஒத்மர் தினமும் பகல் முழுக்க அங்கே குப்புறப் படுத்துக் கிடந்தான். இடது காதின் நுனி உறைந்து கறுத்து உதிர்ந்தது. அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வலது காதை வைத்தான். பனிக்கட்டியில் வெட்டிய துளை வழியாகத் தாலாட்டுப் பாடிப் பார்த்தான். வரப்போகும் பிள்ளைக்காக லுத்மிலா பழகிவைத்திருந்த தாலாட்டு அது.

தழும்புக்காரன் ஒரு நாளைக்குப் பதினொரு தடவை துளையைக் கடந்து போனான். முதல் வாரம் அவன் முதுகு என் கட்டைவிரல் அகலம். மூன்றாம் வாரம் சுண்டுவிரல். பிறகு கத்தி. உடம்பு குறையக் குறையத் தலை மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஒத்மர் ஒரு மீனைப் பிடித்து வயிற்றைக் கீறினான். குடலைச் சுற்றி வெண்ணெய் மாதிரி கொழுப்பு இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. ஈரல் நனைந்த காகிதம் போலக் கையில் ஒட்டியது. அப்படியே எழுந்து என்னிடம் வந்தான்.

"ப்ரோகொப் அண்ணே, அடியில எவ்ளோ?"

"நாலு."

"நெஜமா?"

"பலகையில பாக்கலியா?"

"பாத்தேன். தண்ணிக்குள்ள கைய விட்டா வெதுவெதுன்னு இருக்கிற மாதிரி தோணுது."

"ஒங்கை வெறச்சுப் போயிருக்குடா. வெறச்ச கைக்கு எல்லாமே வெதுவெதுப்புதான்."

"மதகத் தொறந்து ஓடத் தண்ணிய விடவா? கொஞ்சம் கோதுமயும் போட்டுப் பாக்கவா?"

"நாலு டிகிரியில எவன்டா கோதும தின்பான்? அழுகித் தண்ணியக் கெடுத்துரும். ஒங்கப்பா இருந்தா செருப்பால அடிப்பாரு."

"அவருதான் செருப்பே போட மாட்டாரே," என்று ஒத்மர் சிரித்தான். அந்தக் குளிர்காலத்தில் அவன் சிரித்தது அந்த ஒரு தடவைதான். பிறகு, "நீங்க சொன்னா சரிண்ணே," என்று போய்விட்டான்.

மார்ச் நடுவில் மீன்கள் மேலே வர ஆரம்பித்தன. முதல் நாள் ஒரு வாளி. அடுத்த நாள் ஒரு வண்டி. அதற்கடுத்த நாள் குளத்தில் தண்ணீரே தெரியவில்லை. வைக்கோல் அள்ளும் கவைக்கோலால் அள்ளினோம். எடை இல்லை, சருகு மாதிரி வந்தது. கடற்பருந்துகள் தின்று தின்று பறக்க முடியாமல் கரையில் நடந்து திரிந்தன. காட்டோரத்தில் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினோம். முப்பதாயிரத்தில் உயிரோடு கிடைத்தவை நானூற்றுப் பன்னிரண்டு. தழும்புக்காரன் அதில் இல்லை.

இயக்குநர் பளபளக்கும் ஷூவோடு வந்தார். குழியை எட்டிப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். காவல் வீட்டு வாசலில் எங்களை நிறுத்திக் கேட்டார்.

"தண்ணி சூடாயிருந்துச்சா?"

"பலகையில நாலுங்க," என்றான் ஒத்மர்.

இயக்குநர் என் பக்கம் திரும்பினார். "நீதான அளந்தது?"

"நாந்தாங்க. ஒரு நாள் தவறாம. நாலு."

"அப்ப ஏன் செத்துச்சு?"

நான் சவ ஊர்வலத்தைச் சொன்னேன். இப்போது உங்களுக்குச் சொன்ன மாதிரியே, ஒரு சொல் மாறாமல். காலுறை, வாத்துக் கொழுப்பு, மெத்தை முடிச்சு, ஆறு ஆறாக வரிசை எல்லாம். கிலியான் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இயக்குநர் இரண்டு பக்கம் எழுதினார்.

"பனிக்கட்டி மேல போக விட்டது யாரு?"

ஒத்மர் என்னைப் பார்த்தான். பாதிக் காது இல்லாத முகம். அவ்வளவு நேரம் ஒரு மனிதன் இன்னொருவனைப் பார்க்கக்கூடாது. பலகையைத் திரும்பிப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான்.

"நாந்தாங்க," என்றான். "எங்கப்பா ஆசப்பட்டாரு."

"மூட்டையக் கட்டு," என்றார் இயக்குநர்.

ஏப்ரல் முதல் வாரம் போனார்கள். வண்டியில் கட்டில், அடுப்பு, பச்சைத் தொட்டில். லுத்மிலா வண்டியில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொள்ளவேண்டியிருந்தது. வயிறு அவ்வளவு பெரிசு.

"இனிமே நீங்க நிம்மதியாத் தும்மலாம்ணே, மீனெல்லாம் செத்துப்போச்சு," என்றாள். வேடிக்கையாகச் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மகள் பட்டணத்தில், செங்கல் சூளைக்குப் பின்னால் ஒரு வாடகை அறையில் பிறந்தாள்.

ஒத்மருக்கு அங்கே அனல் உலையில் கரி அள்ளும் வேலை கிடைத்தது. குளிரையே காவல் காத்த குடும்பம். ஊருக்கெல்லாம் வெந்நீர் காய்ச்சினான். ஒரு தடவை பார்க்கப் போனேன். வெளியே குழாய்க் கால்வாயில் உலையின் சூட்டுத் தண்ணீர் ஓடியது. அதில் ஜனவரியிலும் சின்ன மீன்கள் ஓயாமல் துள்ளிக்கொண்டிருந்தன. அவன் அவற்றையே பார்த்துக்கொண்டு ரொட்டி தின்றான். பாதியைப் பிய்த்துத் தண்ணீரில் போட்டான்.

"தூங்கவே மாட்டேங்குதுங்கண்ணே," என்றான். "இதுங்களுக்குப் பசிக்குமில்ல."

ஏழு வருடம் கரித்தூளை மூச்சில் இழுத்தான். நாற்பதைப் பார்க்கவில்லை. ஊருக்குக் கொண்டுவந்து அப்பாவுக்குப் பக்கத்தில் புதைத்தோம். பேண்டு செட்டு வந்தது. நான் மேளத்தை முதுகில் சுமந்துகொண்டு கடைசியில் நடந்தேன், அடிக்கவில்லை. குழியில் செதில் தூவும்போது லுத்மிலா என் முறை வந்ததும் டப்பாவை மூடிவிட்டாள்.

காவல் வீட்டை யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேட்பீர்கள். எனக்குத்தான். பன்னிரண்டு வருட அனுபவம், ஒரு நாள் தவறாத பதிவு என்று இயக்குநர் எழுதியிருந்தார். ஓய்வு கொடுத்த பிறகும் என்னை யாரும் காலி பண்ணச் சொல்லவில்லை. இந்தக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பச்சை வர்ணம் சிந்திய தரைப்பலகையை இரண்டு தடவை மாற்றிப் பார்த்தேன். அந்த இடத்தில் இப்போது அலமாரி நிற்கிறது. வெப்பமானியை மட்டும் யார் கையிலும் கொடுப்பதில்லை. காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மதியம் ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று, விளக்கு வைப்பதற்குள் ஒன்று. அடிவரை இறக்கி, கயிறு தளர்வதைக் கையில் உணர்ந்து, நூறு எண்ணி, இழுத்து, படித்த பிறகுதான் பலகையில் எழுதுகிறேன். முழங்கால் சேற்றில் பதிகிறது. பாதிரியாரும் டாக்டரும் போதும் என்கிறார்கள்.

பட்டணத்து வானிலை நிலையத்தின் பதிவேட்டில் எழுபத்து நாலாம் வருடத்து நவம்பரிலிருந்து அடுத்த மார்ச் வரைக்கும் உள்ள பக்கங்களை யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்: அந்தக் குளிர்காலத்தில் எங்கள் வட்டாரத்தில் பனி விழவேயில்லை, ஊமைக்குளம் ஒரு நாள்கூட உறையவில்லை.